வெக்கை நோயும் வால்டர் பிளௌரைட்டும்: ஒரு தடுப்பூசியின் நிகழ்வு ஆய்வு

2011 மே 25 அன்று உலக விலங்குநல அமைப்பின் பொதுக்கூட்டம், மாட்டு வெக்கை நோய் உலகின் எந்த நாட்டிலும் இல்லை என்று அறிவித்தது. அடுத்த மாதம் உணவு, வேளாண் அமைப்பும் அதை உறுதிசெய்தது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாவது தொற்றுநோய் இது; கால்நடை நோய்களில் முதலாவது. அந்த ஒழிப்புக்குக் கருவியாக இருந்த தடுப்பூசியை உருவாக்கிய வால்டர் பிளௌரைட் 2010 பிப்ரவரியில், 86 வயதில், காலமாகிவிட்டார்.

பிளௌரைட்டைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் "வெக்கை நோய்த் தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரி பாதிதான் சரி. அவருக்கு முன்பே வெக்கை நோய்க்குத் தடுப்பூசிகள் இருந்தன, வேலையும் செய்தன. வீரியம் குறைந்த ஒரு வைரஸைக் கையில் எடுத்த பிறகு, களத்தில் ஊசி போடுபவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் அளந்து பதில் வைத்ததுதான் அவருடைய தனிச் சாதனை. எவ்வளவு போட வேண்டும், எத்தனை ஆண்டு தாங்கும், சினை மாட்டுக்குப் போடலாமா, பக்கத்து மாட்டுக்குப் பரவுமா, திரும்ப வீரியம் பெறுமா என எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் தீர்க்காமல் விட்ட கேள்வி, வெயிலில் அதை நெடுநேரம் உயிரோடு வைப்பது எப்படி என்பது. அந்த ஒரு கேள்வி ஆப்பிரிக்காவில் பல பத்தாண்டுகளைத் தின்றது.

நோயின் இயல்பு

வெக்கை நோய் வைரஸ் மனிதத் தட்டம்மை, நாய்களின் டிஸ்டெம்பர், ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றின் வைரஸ்களோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. தொற்றிய மாட்டுக்கு 3 முதல் 15 நாளுக்குள் காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, பிறகு சீழாகக் கட்டும். ஈறு, நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம் ஆகிய இடங்களில் தவிடு ஒட்டியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றி, உரிந்து புண்ணாகும். நான்கைந்து நாளில் கழிச்சல். அதில் ரத்தமும் சளியும் கலந்து வரும். நீர்ச்சத்து இழந்து, பெரும்பாலான மாடுகள் இரண்டு வாரத்துக்குள் விழும். நோயையே பார்த்திராத மந்தையில் பத்துக்கு ஒன்பது மாடுகள் செத்ததுண்டு.

1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் நுழைந்த வைரஸ், பத்தாண்டுக்குள் கண்டத்தின் தென்முனை வரை போனது. வழிநெடுக மாடுகளில் 80 முதல் 90 விழுக்காடு அழிந்தன. ஐரோப்பாவில் அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளின் கதை இது: 1761இல் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியதற்கு முதன்மையான தூண்டுதல் வெக்கை நோய். இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் 1920இல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியபோது பெல்ஜியத்தில் நோய் வெடித்தது; அதன் விளைவாகவே 1924இல் பாரிஸில் உலக விலங்குநல அமைப்பின் முன்னோடி நிறுவனம் அமைந்தது.

இவ்வளவு கொடிய நோய் ஒழிக்கக்கூடியதாக இருந்ததற்குக் காரணம் அதன் நான்கு பலவீனங்கள். வைரஸ் உடலுக்கு வெளியே, வெயிலிலும் உலர்விலும், சீக்கிரம் சாகும். எனவே பரவ நெருங்கிய தொடர்பு வேண்டும். பிழைத்த மாடு வாழ்நாள் முழுவதும் காப்புப் பெறும். நோயை ஒளித்துச் சுமக்கும் நிலை கிடையாது: ஒன்று செத்துவிடும், அல்லது வைரஸை முற்றிலும் ஒழித்துவிடும். மரபுவழியில் கிளைகள் பல இருந்தாலும் எதிர்ப்பாற்றல் நோக்கில் எல்லாம் ஒன்றே. ஒரு தடுப்பூசி எல்லா நாட்டு வைரஸுக்கும் போதும். கோமாரி நோயில் இந்த நான்கில் ஒன்றுகூட முழுமையாகக் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பிளௌரைட்டுக்கு முன்

முக்தேசுவரத்தில் இருந்த இந்தியக் கால்நடை ஆய்வு நிறுவனத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் 1920களில் வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொடர்ந்து மாற்றி, மாட்டுக்கு வீரியம் குறைந்த வகையை உண்டாக்கினார். இந்த ஆட்டுத் தடுப்பூசிதான் இந்தியாவில் 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் முதல் கருவி. நாட்டு மாடுகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஐரோப்பிய இனங்களுக்கும் கலப்பினங்களுக்கும் போட்டால் கடுமையான காய்ச்சல் வரும். சில செத்தும் போகும். மேலோட்டமாக நலமாயிருக்கும் மாட்டில் அடங்கிக் கிடக்கும் உண்ணிக்காய்ச்சல் ஒட்டுண்ணிகளை அந்தக் காய்ச்சல் தட்டி எழுப்பும். சினை மாட்டுக்குப் போடக் கை வராது.

கொரியாவில் ஜப்பானிய ஆய்வாளர் நகமுரா முயலில் பழக்கிய வைரஸ் இன்னும் மென்மையானது. சிக்கல் உற்பத்தியில் இருந்தது. ஒரு முயலின் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் தரும் ஊசிகள் குறைவு. தயாரித்த மருந்து வெகுநேரம் தாங்காது. சில இடங்களில் தொற்றிய முயல்களை உயிரோடு களத்துக்கே எடுத்துப் போய் அங்கேயே அறுத்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. கோழிக்கருவில் வளர்த்த வகை 1940களில் கனடாவின் குரோஸ் தீவில் உருவானது. அதன் திறன் நிலையாக இருக்கவில்லை.

மூன்றுக்கும் பொதுவான குறை, ஒவ்வொரு தொகுப்பிலும் எவ்வளவு உயிருள்ள வைரஸ் இருக்கிறது என்பதை எளிதாக அளக்க வழியில்லை என்பது. அளக்க ஒரே வழி மாட்டுக்குள் செலுத்திப் பார்ப்பது. அதற்கு முன்பு நோய் கண்டிராத மாடுகள் டஜன் கணக்கில் வேண்டும். நோய் நிலைகொண்ட நாட்டில் அப்படிப்பட்ட மாடு கிடைப்பதே அரிது.

லிங்கன்ஷையரிலிருந்து முகுகா வரை

1923 ஜூலை 20இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரைச் சேர்ந்த ஹோல்பீச்சில் பிளௌரைட் பிறந்தார். லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, 1945 முதல் 1948 வரை படையின் கால்நடைப் பிரிவில் பணியாற்றினார். 1950இல் காலனி கால்நடைப் பணியில் சேர்ந்து கென்யா போனார். இடையில் சில காலம் நைஜீரியாவின் வோம் ஆய்வகத்தில் இருந்தார். 1950களின் நடுப்பகுதியிலிருந்து நைரோபிக்கு அருகே முகுகாவில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை ஆய்வு நிறுவனமே அவர் இடம். பிறகு இங்கிலாந்தின் பிர்பிரைட் விலங்கு வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் ஊழியராக மாறியபோதும், அயற்பணியில் 1971 வரை முகுகாவிலேயே தங்கினார்.

இந்தத் தங்கல் முக்கியமானது. வெக்கை நோய் ஆய்வை ஐரோப்பிய ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்வது அன்று எளிதாக இல்லை. முகுகாவில் வீரிய வைரஸைச் செலுத்திப் பார்க்கத் தொழுவமும், சுற்றிலும் நோயுள்ள மந்தைகளும், அரை நாள் தொலைவில் வனவிலங்குகளும் இருந்தன. பிளௌரைட் பின்னாளில் செய்த எல்லா வேலையும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததன் விளைவு.

சிறுநீரகச் செல்லில் வைரஸ்

1949இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் இளம்பிள்ளைவாத வைரஸை நரம்பு அல்லாத திசுவில் வளர்த்துக் காட்டினர். 1954இல் எண்டர்ஸும் பீபிள்ஸும் தட்டம்மை வைரஸைத் திசு வளர்ப்பில் பிரித்தெடுத்தனர். தட்டம்மையின் உறவுக்கார வைரஸுக்கு அதே வழி பொருந்தும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பிளௌரைட்டும் உடன் பணியாற்றிய ஆர்.டி. ஃபெரிஸும் கன்றின் சிறுநீரகச் செல்களில் வெக்கை நோய் வைரஸ் பெருகுவதையும், செல்களில் கண்ணால் காணக்கூடிய சிதைவை உண்டாக்குவதையும் 1957இல் வெளியிட்டனர்.

வேலை நடக்கும் விதம் இது. அறுத்த கன்றின் சிறுநீரகத்தைக் கிருமி படாமல் எடுத்து, வெளிப்பகுதியை மட்டும் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். ரத்தம் போகக் கழுவி, புரதத்தைச் சிதைக்கும் நொதியான டிரிப்சின் கரைசலில் கலக்கினால் திசு பிரிந்து தனித்தனிச் செல்லாகும். டிரிப்சினை நீக்கி, உப்புக்கரைசல், சிதைத்த பால்புரதம், மாட்டுச் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கலந்த ஊடகத்தில் செல்களை விட்டு 37 டிகிரியில் வைத்தால், சில நாளில் கண்ணாடிச் சுவரில் ஒற்றை அடுக்காகப் படரும். அதன் மீது வைரஸைச் செலுத்த வேண்டும். தொற்றிய செல்கள் உருண்டு, சில நட்சத்திர வடிவில் நீண்ட இழைகளை நீட்டும். பல செல்கள் ஒன்றாய்க் கலந்து பல கருக்கள் கொண்ட பெருஞ்செல்லாகும். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்திலேயே இது தெரியும். வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக் குழாய்களில் விட்டு, பாதிக் குழாய்கள் தொற்றும் நீர்த்த அளவைக் கணக்கிட்டால் உயிருள்ள வைரஸின் அளவு கையில் வந்துவிடும். மாட்டில் அளந்ததை இனிக் கண்ணாடிக் குழாயில் அளக்கலாம். வைரஸைப் பலவீனமாக்கியதற்குச் சமமான முன்னேற்றம் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

கைதவறும் இடங்கள் இரண்டு. முதலாவது சீரம். நோயோ தடுப்பூசியோ கண்ட மாட்டின் சீரத்தில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அதை ஊடகத்தில் சேர்த்தால் வைரஸ் வளராது. செல்லெல்லாம் நலமாகத் தெரியும், தொற்று மட்டும் பிடிக்காது. அனுபவமில்லாதவர் வைரஸைக் குறை சொல்வார். நோய் நிலைகொண்ட பகுதியில் எதிர்ப்பொருள் இல்லாத மாட்டைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சீரத்தையும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். இரண்டாவது, கன்றே கொண்டுவரும் வேண்டாத விருந்தாளி. மாட்டுக் கழிச்சல் வைரஸ் எனப்படும் இன்னொரு வைரஸ் கன்றின் சிறுநீரகச் செல்லிலும் சீரத்திலும் செல்லைச் சிதைக்காமலேயே ஒளிந்து வளரும். தடுப்பூசியில் அது கலந்தால் சினை மாட்டுக்குத் தீங்கு. பிற்காலத்தில் பல உற்பத்தியகங்கள் கன்றுச் செல்லைக் கைவிட்டு, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல் வரிசைக்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கபேட்டே 'ஓ': தொண்ணூறு மாற்றங்கள்

தேர்ந்தெடுத்த மூல வைரஸ் கபேட்டே 'ஓ'. 1910ஐ ஒட்டிக் கென்யாவில் மாட்டிலிருந்து எடுக்கப்பட்டு, கபேட்டே ஆய்வகத்தில் பேணப்பட்ட மிக வீரியமான வகை. வீரியம் குறைந்ததைத் தேடாமல் மிகக் கொடியதை எடுத்தது நல்ல தேர்வு: பலவீனம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதை மாட்டில் தெளிவாகப் பார்க்க முடியும்.

ஒரு வளர்ப்பிலிருந்து எடுத்த வைரஸை அடுத்த புதிய செல் அடுக்குக்கு மாற்றுவது ஒரு மாற்றம். மாற்றங்கள் கூடக் கூட, இடையிடையே மாட்டுக்குச் செலுத்திக் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே போனார்கள். முதலில் மரணம் நின்றது. பிறகு புண் நின்றது. கடைசியில் காய்ச்சலும் நின்றது. 90ஆம் மாற்றத்தை எட்டிய வைரஸ் மாட்டுக்கு எந்த நோய்க்குறியும் தராமல், காப்பை மட்டும் தந்தது. 1962இல் வெளியான கட்டுரை இதை மாட்டுத் தடுப்பூசியாக முன்வைத்தது.

இதற்குப் பின் வகுத்த ஒழுங்கு இன்றும் தடுப்பூசி உற்பத்தியில் பாடமாகச் சொல்லத் தகுந்தது. 90ஆம் மாற்றத்துக்குக் குறைவானதை மாட்டுக்குப் போடக் கூடாது; 120க்கு மேல் போனதையும் கூடாது. குறைந்தால் வீரியம் மிஞ்சியிருக்கலாம். கூடினால் காப்பாற்றல் தேய்ந்திருக்கலாம். எனவே விதை வைரஸை மொத்தமாக உறைய உலர்த்தி வைத்து, ஒவ்வொரு உற்பத்தியையும் அந்த விதையிலிருந்து சில மாற்றங்களுக்குள் முடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பல தடுப்பூசிக் கூடங்கள் நேற்றைய தொகுப்பிலிருந்து இன்றைய தொகுப்பு என்று முடிவின்றி ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை தெரியும்.

வைரஸ் ஏன் பலவீனமானது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1996இல் மூல வைரஸ், தடுப்பூசி வைரஸ் இரண்டின் மரபணு வரிசையும் ஒப்பிடப்பட்டது: 15,882 எழுத்துகளில் 87 மட்டுமே வேறு. பின்னாளைய ஆய்வுகள், பலவீனம் ஒரே மரபணுவில் அடங்காமல் பெரும்பாலான மரபணுக்களில் சிதறியிருப்பதைக் காட்டின. வைரஸ் திரும்ப வீரியம் பெறாததற்கு இது நல்ல விளக்கம்: பழைய நிலைக்குப் போக ஒரே ஒரு எழுத்து திரும்பினால் போதாது.

அளந்து வைத்த பதில்கள்

ஓர் ஊசி என்பது தோலுக்கடியில் 1 மி.லி. அதில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வைரஸ், பாதிக் குழாய்களைத் தொற்றவைக்கும் அலகில் சுமார் 300. இதைவிடக் குறைந்த அளவுகூட மாட்டைக் காக்கும். வழியில் சாகும் வைரஸுக்காக மிச்சம் வைத்துத்தான் இந்த எல்லை. தொகுப்புச் சோதனையில் இரண்டு மாடுகளுக்கு 100 மடங்கு அளவும், இன்னும் இரண்டுக்குப் பத்தில் ஒரு பங்கும் போட்டு, ஊசி போடாத மாடு ஒன்றை அவற்றோடு கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் வீரிய வைரஸ் செலுத்தப்படும். ஊசி போட்டவை நலமாக நிற்க வேண்டும். போடாத மாட்டுக்கு நோய் வர வேண்டும். அந்த ஐந்தாவது மாட்டுக்கு நோய் வராவிட்டால் தடுப்பூசி பரவியிருக்கிறது, அல்லது மாடு ஏற்கெனவே காப்புள்ளது; எப்படியானாலும் சோதனை செல்லாது.

ஊசி போட்ட மாடு வைரஸை மற்றவற்றுக்குப் பரப்பவில்லை. எல்லா இனத்துக்கும், எல்லா வயதுக்கும், சினை மாட்டுக்கும் பாதுகாப்பாக இருந்தது. காப்பு எத்தனை ஆண்டு என்பதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. ஊசி போட்ட மாடுகளை நோய் எட்டாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, பிறகு வீரிய வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 1984இல் வெளியாயின. இன்று ஏற்கப்பட்ட நிலை: ஒரே ஊசி குறைந்தது 10 ஆண்டு, அநேகமாக வாழ்நாள் முழுவதும் காக்கும். இந்த ஒரு பதில் திட்டங்களின் கணக்கையே மாற்றியது. வளர்ந்த மாட்டுக்கு ஆண்டுதோறும் ஊசி தேவையில்லை. புதிதாகப் பிறப்பவற்றைப் பிடித்தால் போதும்.

ஆனால் கன்றில் ஒரு முடிச்சு இருக்கிறது. காப்புள்ள தாயின் சீம்பாலைக் குடித்த கன்றுக்குத் தாயின் எதிர்ப்பொருள் பல மாதம், சில சமயம் 10 மாதம் வரை, நிற்கும். அந்தக் காலத்தில் ஊசி போட்டால் அந்த எதிர்ப்பொருளே தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும். கன்றுக்குச் சொந்தக் காப்பு உருவாகாது. தாயின் காப்பு தேய்ந்த பிறகு அந்தக் கன்று ஊசி போட்டதாகக் கணக்கில் இருக்கும், உண்மையில் திறந்த வாசல். ஆகவே ஓராண்டை எட்டிய கன்றுகளைத் தவறாமல் பிடிக்க வேண்டும். அதற்கு முன் போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

வனவிலங்குக் கேள்வி

கிழக்கு ஆப்பிரிக்காவில் பலர் நம்பிய கருத்து, வைரஸ் வில்டபீஸ்ட் (ஆப்பிரிக்க மான் வகை), காட்டெருமை போன்றவற்றில் நிலையாக உறைகிறது, எனவே மாட்டுக்கு எத்தனை ஊசி போட்டாலும் பயனில்லை என்பது. ஒழிப்பே முடியாது என்ற வாதத்தின் தூண் அது. பிளௌரைட் 1960 முதல் வட தான்சானியா, தென் கென்யா மந்தைகளில் வயது வாரியாகச் சீரம் சேகரித்துப் பார்த்தார். ஓராண்டுக் குட்டிகளில் மட்டும் சாவு வருவது "ஓராண்டு நோய்" என்று வேட்டைத் துறையினருக்கு ஏற்கெனவே தெரியும். அது வெக்கை நோய்தான், தாயின் காப்பு தேயும் வயதில் தாக்குகிறது என்று தெளிவானது. சுற்றியுள்ள மாடுகளுக்கு ஊசி பரவலாகப் போன பிறகு, ஏறத்தாழ 1963க்குப் பின் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் பிறந்த வில்டபீஸ்ட்களில் எதிர்ப்பொருளே காணப்படவில்லை. வனவிலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. மாட்டில் நோய் அற்றதும் காட்டில் தானே அற்றுப்போனது. காட்டுக்கு வைரஸைக் கொடுத்துக்கொண்டிருந்தது மாடு.

1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த செரெங்கெட்டி வில்டபீஸ்ட் கூட்டம், 1970களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டது. அதற்கு வெக்கை நோய் நீங்கியதும், அதைத் தொடர்ந்து வறண்ட பருவத்தில் பெய்யும் மழை கூடியதும் சேர்ந்த காரணங்கள்.

அதே வில்டபீஸ்டைப் பற்றிய வேறொரு கேள்விக்கும் முகுகாவில் பதில் கிடைத்தது. வில்டபீஸ்ட் ஈனும் காலத்தில் பக்கத்தில் மேயும் மாடுகளுக்குக் கொடிய சளிக்காய்ச்சல் என்ற வேறொரு வைரஸ் நோய் வந்து, கண் வெளுத்துச் சாவது மசாய் மேய்ப்பர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. பிளௌரைட், ஃபெரிஸ், ஸ்காட் ஆகியோர் 1960இல் நலமாயிருக்கும் வில்டபீஸ்டிலிருந்து அதன் வைரஸைப் பிரித்தனர். பிறந்து முதல் மூன்று மாதத்துக் குட்டிகளே கண், மூக்கு நீரில் வைரஸை வெளியிடுகின்றன; நோயுற்ற மாடு இன்னொரு மாட்டுக்குத் தருவதில்லை. ஆகையால் ஈனும் காலத்தில் மந்தையைத் தள்ளி மேய்க்கும் மசாய் வழக்கம் அறிவியல்படியும் சரியே. தடுப்பூசிக்கும் முயன்றார், கொன்ற வைரஸைச் செலுத்தியதில் எதிர்ப்பொருள் நன்றாக வந்தது, மாடு மட்டும் காக்கப்படவில்லை. தோல்வியைத் தோல்வி என்றே 1975இல் வெளியிட்டார்.

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலில் அவருடைய பங்கு இன்றைய தேதிக்கு இன்னும் பொருத்தமானது. வார்ட்ஹாக் காட்டுப்பன்றி வைரஸைச் சுமக்கிறது, ஆனால் வீட்டுப் பன்றியைத் தொட்டு நின்றாலும் பெரும்பாலும் பரவுவதில்லை. இடையில் என்ன இருக்கிறது? பன்றி வளைகளின் மண்ணைச் சலித்து எடுத்த மென்னுடல் உண்ணிகளில் வைரஸ் இருப்பதை 1969இல் பிளௌரைட்டும் பார்க்கர், பியர்ஸ் இருவரும் காட்டினர். உண்ணித் தாயிடமிருந்து முட்டைக்கும், ஆணிடமிருந்து பெண்ணுக்குப் புணர்ச்சியிலும் வைரஸ் கடப்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினர். பன்றியே இல்லாத வளையிலும் வைரஸ் ஏன் நிலைக்கிறது என்பதற்கு விடை இதுவே.

களத்தில் என்ன நடந்தது

1962இல் சாட் ஏரிப் பகுதியில் தொடங்கிய கூட்டுத் திட்டம் 15, 1976 வரை 22 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்தது. விதி எளிது: எல்லா வயது மாட்டுக்கும் தொடர்ந்து மூன்று ஆண்டு ஊசி, பிறகு ஒவ்வோர் அரசும் கன்றுகளுக்கு ஆண்டுதோறும் தொடர வேண்டும். முதல் பாதி அருமையாக நடந்தது. நோய் சில மூலைகளுக்குள் சுருங்கியது. இரண்டாவது பாதி நடக்கவில்லை. நோய் கண்ணில் படாததும் பணம் வேறு பக்கம் போனது, கன்றுகள் விடுபட்டன, சுருங்கிய மூலைகளில் கடைசி வைரஸைத் தேடிப் பிடிக்கும் கண்காணிப்பும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் நோய் மேற்கிலும் கிழக்கிலும் பெருவெடிப்பாகத் திரும்பி வந்தது. தடுப்பூசி தரும் காப்பில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாண்டில் எழுப்பிய காப்பு, பிறப்பு விகிதத்தின் வேகத்தில் கரைந்துபோனது, அவ்வளவுதான்.

வெப்பச் சிக்கல் இந்தத் தோல்வியை ஆழப்படுத்தியது. உறைய உலர்த்திய குப்பி உறைநிலைக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் தாங்கும். வெளி வெப்பத்தில் நாள்கணக்குத்தான். 100 ஊசிக் குப்பியைக் குளிர்ந்த உப்புநீரில் கரைத்த பிறகு சில மணி நேரமே. எனவே விடியலில் தொடங்கி, ஐஸ் பெட்டியை நிழலில் வைத்து, கரைத்ததை உடனே முடித்து, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். சிரிஞ்சைக் கிருமிநாசினியில் கழுவினால் உயிருள்ள வைரஸ் அதிலேயே சாகும். வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டே எடுக்க வேண்டும். கரைக்கும் நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் கதை முடிந்தது. இவற்றில் எது பிசகினாலும் வெளியே ஒன்றும் தெரியாது: மாடு ஊசியை வாங்கிக்கொள்ளும், அடையாளமாகக் காதில் துளை விழும், பதிவேட்டில் எண் ஏறும், காப்பு மட்டும் இருக்காது. சாலையும் மின்சாரமும் இல்லாத மேய்ச்சல் பகுதிகளிலேயே கடைசி வைரஸ் தங்கியிருந்தது தற்செயல் அல்ல.

1990ஐ ஒட்டி ஜெஃப்ரி மரைனர் குழுவினர் அதே பிளௌரைட் வைரஸை வீரோ செல்லில் வளர்த்து, உலர்த்தும் சுழற்சியையும் நிலைப்படுத்தும் கலவையையும் மாற்றி, 37 டிகிரியில் 30 நாள் வரை திறன் குன்றாத குப்பியைத் தந்தனர். வைரஸ் அதே, காப்பு அதே. குளிர்ப்பெட்டி மட்டும் தேவையில்லை. ஊரிலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற கால்நடைப் பணியாளர் அதை முதுகில் சுமந்து நடந்தே போகலாம். எத்தியோப்பியாவின் அஃபாரிலும் தெற்குச் சூடானிலும் அரசு வண்டி எட்டாத மந்தைகள் இப்படித்தான் எட்டப்பட்டன.

1986இல் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்க இயக்கமும், 1994இல் வந்த உலகளாவிய ஒழிப்புத் திட்டமும் இன்னொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டன: தடுப்பூசியை எப்போது நிறுத்துவது. பிளௌரைட் ஊசி தரும் எதிர்ப்பொருளும் நோய் தரும் எதிர்ப்பொருளும் சோதனையில் ஒன்றே. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் இருக்கிறதா இல்லையா என்று சீரத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே நாடு ஊசியை நிறுத்தி, அதன் பிறகு பிறந்த விலங்குகளின் சீரத்தைச் சோதித்து, எதிர்ப்பொருள் இல்லை என்று காட்ட வேண்டும். பல கால்நடைத் துறைகளுக்கு ஊசியை நிறுத்தத் துணிவு வர ஆண்டுகள் பிடித்தன. ஆட்டுக்கொல்லி நோய்க்கு இதே ஊசியை ஆடுகளுக்குப் போட்டு வந்த வழக்கத்தையும் இதே காரணத்துக்காகக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் கடைசி நோய் வெடிப்பு 1995இல், தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதியில் பதிவானது. 2006இல் நாடு நோயற்றதாக ஏற்கப்பட்டது. உலகின் கடைசி வெடிப்பு 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காக் காட்டெருமைகளில். கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தக் கிளை மாட்டில் லேசான கண்ணீரோடு போய்விடும். காட்டெருமையிலும் குடு மானிலும்தான் கொல்லும். மாட்டில் நோயைத் தேடியவர்களின் கண்ணில் அது ஆண்டுக்கணக்கில் படாமல் போனதற்கு இதுவே காரணம்.

பேராசிரியர்

1971 முதல் 1978 வரை, தாம் படித்த அரச கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்தார். பிறகு 1983 வரை காம்ப்டன் விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியல் துறைத் தலைவர். 1981இல் பிரிட்டனின் அறிவியல் அமைப்பான அரச கழகத்தின் உறுப்பினர். 1999இல் உலக உணவுப் பரிசு. அந்தப் பரிசு வந்தபோது முகுகா நாட்கள் முடிந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயர் நிற்பது முகுகா வேலையால். பேராசிரியப் பதவி அதற்குப் பிந்தைய சேர்க்கை.

பிர்பிரைட்டில் உயர் பாதுகாப்பு வைரஸ் ஆய்வகக் கட்டடம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அந்த நிறுவனம் தன்னிடமிருந்த வெக்கை நோய் வைரஸ் இருப்பை, மரபணு வரிசையைப் பதிவு செய்துகொண்டு, 2019 ஜூனில் அழித்தது. மற்ற நாடுகளில் எஞ்சிய குப்பிகளை அழிப்பதோ, அனுமதி பெற்ற சில கூடங்களில் அடைப்பதோ தொடர்கிறது. எங்கேனும் தப்பி வெளிவந்தால் போட வேண்டியது அதே பிளௌரைட் தடுப்பூசிதான் என்பதால் அதன் விதையும் இருப்பும் காக்கப்படுகின்றன.

அடுத்த இலக்கு ஆட்டுக்கொல்லி நோய். 2030க்குள் ஒழிப்பது என்று 2015இல் உலகத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் முதன்மைத் தடுப்பூசியான நைஜீரியா 75/1, பிளௌரைட் முறையிலேயே செல் வளர்ப்பில் தொடர்ந்து மாற்றிப் பலவீனமாக்கியது. ஓர் ஊசி பல ஆண்டு காக்கிறது, பரவுவதில்லை, சினை ஆட்டுக்கும் போடலாம். சிக்கலும் பழையதே, இன்னும் கடினமான வடிவில். ஆட்டு மந்தை மாட்டு மந்தையைவிடப் பல மடங்கு வேகத்தில் புதுப்பிக்கப்படுகிறது. இந்த ஆண்டு காப்புப் பெற்ற மந்தையில் ஓராண்டுக்குள் கணிசமான பங்கு புதுக்குட்டிகளாகிவிடும். ஓர் ஆட்டின் விலைக்கு வண்டியும் ஆளும் அனுப்ப எந்தத் துறையும் தயங்கும். ஊசி போடும் மாதத்தைக் குட்டி ஈனும் பருவத்தோடு பொருத்தாத திட்டம் எதுவும் கூட்டுத் திட்டம் 15இன் இரண்டாம் பாதியையே மறுபடி நடத்திக் காட்டும்.